அப்பா ஆட்டிய மாவு

வாரம் முழுக்க ராணுவத் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் எங்கள் அப்பாவுக்கு, வீட்டுக்குள் ஓர் இயந்திரம் வருவது மட்டும் பிடிக்காது. குறிப்பாக கிரைண்டர். மராட்டிய மண்ணில், போபோடியில் எங்கள் சந்திலிருந்த தமிழ் வீடுகளில் ஒவ்வொன்றாகக் கிரைண்டர் உறுமத் தொடங்கிய பிறகும், அம்மா மட்டும் ஆட்டுக்கல்லின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கேட்டால் அப்பாவிடம் பதில் தயாராக இருக்கும்.

"மெஷின்ல அரைச்சா மாவு சூடாயிடும். கல்லுல ஆட்டுற ருசி வராது."

இதில் என் பங்கும் உண்டு. எவ்வளவு மாவு ஆட்ட வேண்டும் என்பதைத் தீர்மானித்தது என் வயிறுதான். இன்று என்னைப் பார்ப்பவர்கள் இதை நம்பச் சிரமப்படுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை லோக்கல் ரயிலில் சிஞ்ச்வட் பக்கம் புதிதாகத் திறந்திருந்த பாரம்பரியப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். மியூசியம் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று ரயிலிலேயே எனக்குப் பாடம் நடந்தது. போய்ப் பார்த்தால் அங்கே எல்லாம் தலைகீழ். எதை வேண்டுமானாலும் தொடலாம். கிணற்றில் நீர் இறைக்கலாம், தறியில் உட்காரலாம், பழைய ரயில் எஞ்சினில் ஏறி மணியடிக்கலாம். எனக்கு எஞ்சின்தான் வேண்டியிருந்தது. அங்கே கூட்டம் நெரிந்ததால், அது குறையும்வரை இதைப் பார்ப்போம் என்று அப்பா எங்களைப் பழங்காலச் சமையலறைக்குள் கூட்டிப்போனார்.

நடுவில், எங்கள் வீட்டுக் கல்லின் கூடப்பிறந்ததுபோல ஓர் ஆட்டுக்கல். பக்கத்தில் ஊறிய அரிசியும் உளுந்தும். ஒரு மராட்டியப் பெண் வந்தவர்களுக்கு இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார். யார் வேண்டுமானாலும் ஆட்டலாம். அந்த மாவை மூலையிலிருந்த தவாவில் அப்படியே தோசையாக வார்த்து எல்லோருக்கும் தருவார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்று அவர் சொன்னதும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"எந்தக் காலத்துல? எங்க வீட்ல இன்னிக்கும் இதுதான்" என்றார், தொழிற்சாலை இந்தியில். கஷ்டமெல்லாம் ஒன்றுமில்லை, உடம்புக்கு நல்ல பயிற்சி, ருசியே தனி என்று சின்னதாக ஒரு சொற்பொழிவும் ஆற்றினார்.

அந்தப் பெண் மகிழ்ந்துபோனார். "அப்ப நீங்களே ஆட்டிக் காட்டுங்க, பாய்சாப்."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா சுவரோரத்து பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்களத்தான கேக்கறாங்க? போங்க" என்றாள்.

நானாவது சும்மா இருந்திருக்கலாம். "எங்கப்பா கல்லத் தொட்டதே இல்ல" என்று கூட்டம் முழுவதற்கும் புரியும்படி இந்தியில் அறிவித்தேன். சிரிப்பலை அடங்குவதற்குள் அப்பா பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கல்லின் முன் உட்கார்ந்துவிட்டார்.

தொடக்கம் கம்பீரமாகத்தான் இருந்தது. ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைக் குழிக்குள் தள்ள வேண்டும். அப்பா இரண்டு கையாலும் குழவியைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார். அரிசி கல்லின் விளிம்பேறி வெளியே வந்தது. கல் கனத்தது. தண்ணீர் விட்டால் லேசாகும் என்று எண்ணி, பக்கத்திலிருந்த சொம்பை அப்படியே கவிழ்த்தார்.

"எல்லாத்தையும் ஊத்திட்டீங்களா?" என்றாள் அம்மா பெஞ்சிலிருந்தே. "இனி நசுங்காது, வழுக்கிட்டுதான் ஓடும். சரி, விடாம ஆட்டுங்க."

தட்டும் கையுமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை கட்டியிருந்தார்கள். மாவு பதமா என்று பார்க்க அந்தப் பெண் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வந்து, விரலில் தொட்டு, கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"ரவ ரவயா இருக்கு."

"போதும்டி. தோசைக்கு இது போதாதா?" அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வீட்ல நான் இப்படி ஆட்டினா நீங்க சாப்புடுவீங்களா?"

அப்பா மறுபடி சுற்றத் தொடங்கினார். எனக்கோ எஞ்சின் கவலை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "இருடா, உங்கப்பா இப்பதான் சூடு புடிக்கிறாரு" என்று அவள் பெஞ்சில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். பாவம், கால் வலிக்கிறதுபோல என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒருவழியாகத் தோசை வந்தது. கடித்த இடமெல்லாம் அரிசி. பிள்ளைகள் நாசூக்காகத் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். மறுபடியும் வரிசையில் போய் நின்றவன் நான் ஒருவன்தான்.

திரும்பி வரும்போது அப்பா எதிர் இருக்கையில், கொப்புளம் போட்ட உள்ளங்கைகளை மேல்நோக்கித் தொடையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். காசர்வாடி ஸ்டேஷன் தாண்டியது. பிறகு, கூரை மின்விசிறியிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"வர்ற வாரம் ஒரு கிரைண்டர் பாத்துட்டு வரலாம்."

அம்மா சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள்கள் குலுங்கின. எட்டிப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர். இத்தனை வருடம் கூடவே இருந்த கல்லைப் பிரியப்போகிறாளே என்று எனக்கும் வருத்தமாகிவிட்டது.

"அழாதம்மா, கல்ல யாருக்கும் குடுக்க வேணாம்" என்றேன்.

தோள்கள் முன்னைவிடப் பலமாகக் குலுங்கின. எங்கள் ஸ்டேஷனான கட்கியில் இறங்கும்வரை அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தேன்.