டாக்டர் நிர்மலாவின் வகுப்பில் என் வயிறு

எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொன்னேன். கிருமி வரும், கல்லூரியை மூடுவார்கள், டாக்டராகப் போகிறவர்களும் கைப்பேசியில் படிக்க வேண்டி வரும் என்று பினாங்கு ஜார்ஜ்டவுனில் முதலில் சொன்னவன் நான்தான். என் கொழுந்தியாள் டாக்டர் நிர்மலா ஓய்வு பெற்றால் நொடிந்துபோவார் என்றும் சொன்னேன். யார் கேட்டார்கள்? போன வாரம் புக்கிட் மெர்தாஜாம் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது என் மனைவி அழைத்தாள். "நிர்மலா எழுந்திரிக்க மாட்டேங்கிறா. வாங்க." பாலம் தாண்டி வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாங்கிய மீனை எங்கே விட்டேன் என்று இன்னும் தெரியவில்லை.

அவரிடம் படித்து, இன்று அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களில் பலருக்கு என் பெயர் தெரியாது, வயிறு தெரியும். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது மாணவர்களை வார்டுக்குள் விடவில்லை. எங்களோடு ஒரே வீட்டில் இருந்த நிர்மலாவுக்குக் கிடைத்த நோயாளி நான்தான். சாப்பாட்டு மேசையில் என்னைப் படுக்க வைத்து, கைப்பேசி வழியாக இயங்கலை வகுப்பு நடத்துவார். எங்கே அழுத்த வேண்டும் என்று நீங்கள் வீட்டிலிருந்து சொல்வீர்கள். அங்கே அவர் கை அழுத்தும். துணி காயப்போடும் கம்பியில் கைப்பேசியைக் கட்டியது என் மூளை. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனாலும் பினாங்கு இளம் டாக்டர்களில் பாதிப் பேர் என் வயிற்றில் படித்தவர்கள்.

குடல்வால் பாடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வலது பக்கம் கீழே அழுத்தினால் மட்டும் நான் "ஆ" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதானா என் திறமை? இடது பக்கம் தொட்டதற்கும் அலறினேன். முதுகும் வலிக்கிறது, காது அடைக்கிறது என்றேன். பைராம் தோட்டத்து மாணவி ஒருத்தி, சிக்னல் கிடைக்கிற இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்திருந்தவள், பயந்துபோய், "டாக்டர், அங்கிளுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்றாள்.

"அத்தான், நோயாளியா இருங்க லா. நடிகரா வேணாம்!" என்று நிர்மலா என் தொடையில் ஒன்று வைத்தார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "நல்லதுதான். நோயாளி கூட்டியும் சொல்வார், குறைச்சும் சொல்வார். அழுத்தும்போது வயித்தைப் பாக்காதீங்க, முகத்தைப் பாருங்க. மிச்சத்தை உங்க கை..." என்றார்.

அத்தோடு நிறுத்திவிட்டார். உங்கள் கைகள் எங்கெங்கோ இருந்தன. இணைப்பு அறுந்துவிட்டது என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை. நோயாளியைத் தொட்டே பார்க்காத உங்கள் கைகளை நினைத்துத்தான் நிறுத்தினார்.

நீங்கள் தேறி வேலைக்குப் போன பிறகும் அந்தக் கவலை அவரை விடவில்லை. எந்த மருத்துவமனையில் எந்தத் தவறு நடந்ததாகச் செய்தி வந்தாலும், "நம்ம பிள்ளையா இருக்குமோ, அத்தான்?" என்பார். "வயிறு எப்படி இறுகும்னு அதுங்க விரலுக்குத் தெரியாமலே அனுப்பிட்டேன்" என்பார். "எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைங்க. நான் டிரெய்னிங் குடுத்ததாச்சே" என்பேன். சிரிக்க மாட்டார்.

போன வருடம் எனக்கு நிஜமாகவே வயிற்று வலி வந்தது. மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அழுத்திப் பார்த்தார். பித்தப்பை என்றார். ஸ்கேனும் அதையே சொன்னது. வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே கத்தினேன்: "நிர்மலா! என்னைப் பாத்தது யாரு தெரியுமா? உன் இயங்கலைப் பிள்ளை!"

அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். "அழுத்தும்போது எங்க பாத்தா? வயித்தையா, முகத்தையா?"

"முகத்தைத்தான்."

"பேரு என்ன?"

"மாஸ்க் போட்டிருந்தா லா. டாக்டர் நிர்மலா ஸ்டூடண்ட்னு அவளாத்தான் சொன்னா."

நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு செய்தித்தாளைப் பார்த்து அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

உங்களில் ஒருவரையாவது வீட்டுக்கு அழைத்து, அவர் கண்முன்னால் என் வயிற்றை அழுத்தச் சொல்லியிருக்கலாம். எல்லாம் முன்கூட்டியே தெரிந்த எனக்கு அது மட்டும் தோன்றவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சிரிப்புதான். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தது உண்மை. கையைச் சூடாக்கியதும் உண்மை. நிர்மலாவின் மாணவி என்பது மட்டும் நானாகச் சேர்த்தது. எங்கே படித்தீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் நான் கேட்கவே இல்லை.