பத்து டிகிரிக்குக் கீழே

ஓஜியா மலைப்பாதையில் முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டிய தொகுஜிக்கு, ஓய்வுக்குப் பிறகு உலகமே கொல்லைக் குளமும் அதிலிருந்த ஒன்பது வண்ணக் கெண்டைகளும்தான். பனி விழுமுன் குளத்தை எப்படித் தயார் செய்வது என்று ஊருக்கே பாடம் எடுப்பார். சருகை வலையால் அள்ளு, மூங்கில் வைத்து மேலே பலகை போடு, தண்ணீர் பத்து டிகிரிக்குக் கீழே போனதும் இரையை நிறுத்து. குளிரில் மீனுக்குச் செரிக்காது. தின்றது வயிற்றிலேயே அழுகி மீனைக் கொன்றுவிடும். ஐயோ பாவம் என்று ஒரு பிடி போட்டவர்களைத் தெருவில் நிறுத்தித் திட்டியிருக்கிறார், மனுஷன்.

அந்த நவம்பர் காலை பலகையோடு போனவர் அப்படியே நின்றுவிட்டார். இருபது வருஷம் வளர்த்த வெள்ளைக் கெண்டை வயிறு ஊதி மிதந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு. மிச்சமிருக்கும் ஆறு மீனாவது பிழைக்க வேண்டுமே என்று பதறிப்போனார்.

வேலிக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டு இசாமு முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தான்.

"டேய் இசாமு! என் மீனுக்கு இரை போட்டியா?"

"நானா? உங்க குளத்துப் பக்கம் மூச்சு விடவே பயம்ணே எனக்கு."

"பொய் சொல்லாத! யாரோ தினம் போட்டிருக்கான்."

இசாமு முள்ளங்கியைக் கீழே வைத்தான். "வெளையாடுறீங்களாண்ணே? நீங்கதானே போடுறீங்க. தினம் காலையில ரெண்டு பிடி. நேத்துகூட. ஏதோ புது முறை போல, கேட்டா ஒரு மணி நேரம் பாடம் நடத்துவீங்கன்னு வாயைத் தெறக்கல."

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று கத்தியபடி கைக்குட்டைக்காகக் கோட்டுப் பையில் கையை விட்டார். விரலில் இரை உருண்டைகள் நெருடின. பை நிறைய இருந்தன. எப்போது பையில் போட்டுக்கொண்டார்? நேற்றைய காலையை நினைத்துப் பார்த்தார். ஒன்றுமே வரவில்லை.

மனைவி ஃபுமி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை. அதைப் பார்த்ததும்தான் அவருக்குப் பகீரென்றது.

"உனக்குத் தெரியுமா?"

"மூணு தடவை சொல்லிட்டேங்க. இரை டப்பாவை ஒளிச்சு வெச்சேன், புதுசு வாங்கிட்டு வந்துட்டீங்க. ஒவ்வொரு தடவையும் இதே மாதிரிதான் அதிர்ந்துபோய் நின்னீங்க."

"நாளைக்கு இதுவும் மறந்துடுமா, ஃபுமி?"

அவள் கிட்ட வந்து அவருடைய பையை வெளியே இழுத்துக் கவிழ்த்து, கடைசி உருண்டைவரை தன் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் உதறிக்கொண்டாள்.