சாப்பாட்டு மேசையில் ஒரு போர்க்கப்பல்

எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள். ஒரு மீட்டர் நீளம், சாம்பல் நிறம். மூன்று வருடமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறாள். நாங்கள் சோபாவில் இருந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம்.

என் கணவர் ஓய்வு பெற்றபின் செய்யத் தொடங்கிய மாதிரிக் கப்பல் அது. உண்மையான கப்பலை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் கட்டினார்களாம். அந்த வகைக்கு நாசகாரிக் கப்பல் என்று பெயர். பெயர் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். போர் முடிந்து பல வருடம் கழித்து ஜேர்மன் கடற்படை அதை வாங்கி, பெயரை மாற்றி, பீரங்கிகளில் சிலவற்றைக் கழற்றி, உள்ளே வகுப்பறைகள் வைத்துப் பயிற்சிக் கப்பலாக்கியது. இவருடன் தொழிற்சாலையில் வேலை செய்த ஜேர்மன்காரர் ஒருவர் இளவயதில் அதில் பயிற்சி எடுத்தவர். அவர் கொடுத்த பழைய படம் ஒன்றில்தான் வினை தொடங்கியது.

ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சன் நகரில் கடல் இல்லை. ஆனாலும் அந்தக் கப்பல் என்றைக்குத் தண்ணீரில் இறங்கியது, எந்தத் துறைமுகத்தில் எத்தனை கிழமை நின்றது, எப்போது சாயம் மாற்றினார்கள் என்பதெல்லாம் இவருக்கு மனப்பாடம். தெரியாததை ஆவணக் காப்பகங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்பார். பதில் வரும்வரை தபாற்பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பார். வந்தவற்றை ஒரு தடித்த கோப்பில் திகதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். கல்யாணம் பேசின காலத்தில் எனக்கு எழுதியது இரண்டே இரண்டு கடிதம். எனக்குப் பொறாமைதான். அதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

இந்த வருடம் பென்சன் கந்தோரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் வேலை செய்த மாதங்களை வரிசையாக எழுதி அனுப்பியிருந்தார்கள். நடுவில் பதினான்கு மாதம் வெறுமையாக இருந்தது. அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள், ஆதாரத்துடன் அறியத் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

எனக்கு விடை தெரியும். அவருக்குத் தெரியுமா என்று பார்க்க ஆசை வந்தது. அவர் சின்னக் குறட்டால் ஒரு பீரங்கியைப் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, இந்தப் பதினாலு மாசமும் நான் என்ன செய்தனான்?"

"நீர் சும்மா வீட்டிலதானே இருந்தனீர்," என்றார் நிமிராமலே.

அவருடைய கோப்பை இழுத்துப் புரட்டினேன். கப்பலை ஜேர்மனி வாங்கிய நாளுக்கும் கடற்படையில் சேர்த்துக் கொடியேற்றிய நாளுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு வருடம் ஒரு பயணமும் இல்லை.

"இவவும் ரெண்டு வருசம் சும்மாதானே கிடந்திருக்கிறா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா எண்டு ஆர் சொன்னது? அப்பதானே கட்டுத்துறையில வைச்சுத் திருத்தினவை. அந்த ரெண்டு வருசம் இல்லாட்டி இது பிறகு ஒரு நாளும் ஓடியிராது."

சொல்லி முடித்தபின்தான் நிமிர்ந்தார். நான் அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை இயந்திரத்தில் அகப்பட்டு நசுங்கிய கை அது. இனிப் பேனை பிடிப்பதே கடினம் என்று வைத்தியர் சொன்னார். நான் சலவைக்கூட வேலையை விட்டேன். காலையும் மாலையும் அந்தக் கையை வெந்நீரில் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கி நிமிர்த்தினேன். சோறு ஊட்டினேன், சட்டைப் பொத்தான் பூட்டினேன். அவர் தானாகக் கரண்டி பிடித்த மாதத்தில்தான் திரும்ப வேலைக்குப் போனேன்.

அவர் குறட்டைக் கீழே வைத்தார். பிறகு கோப்பிலிருந்து ஒரு வெறுந்தாளை எடுத்தார்.

"எந்த மாசம் துவங்கினது? சொல்லும், எழுதுறன்."

"சொல்ல மாட்டன். இவவுக்காக எத்தினை இடத்துக்குக் கடிதம் போட்டனீங்கள்? எனக்கும் போட்டுத் தேடுங்கோ."

அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கும் என் பழைய சலவைக்கூடத்துக்கும் கடிதம் எழுதினார். தன் கையாலேயே எழுதினார்.

இப்போது தபால்காரர் வரும் நேரத்துக்கு முன்பே சன்னலடியில் போய் நிற்கிறார். மேசையில் அவள் பாதிப் பீரங்கிகளோடு தூசி பிடித்துக் கிடக்கிறாள். நான் துடைக்கப் போவதில்லை.