ஸ்டெல்லா கொடுக்க மறுத்த அனுமதி

"ஸ்டெல்லா காலமானார். வானொலிக் கணினியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?" எங்கள் மேலாளர் அனுப்பிய ஒரே குறுஞ்செய்தியில் இரண்டு வரிகளும் இருந்தன. ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றபடி படித்தேன். அழுகை வரவில்லை, அசிங்கத்தை மிதித்ததுபோல் இருந்தது.

தையற்கடைக்கு மேலே இருந்த எங்கள் சிறிய இணைய வானொலியைக் கேட்ட உங்களுக்கு ஸ்டெல்லாவின் முகம் தெரியாமல் இருக்கலாம். லினக்ஸ் போட்ட பழைய கணினி ஒன்றை வைத்துக்கொண்டு நிகழ்ச்சிகளை நேரடியாக அனுப்பியவர் அவர். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய், கொழுந்து பறிக்கும் பெண்களின் பேச்சைப் பதிந்து வந்தவரும் அவர்தான்.

அவர் முதன்முறை நோயில் படுத்திருந்தபோது கணினியைப் புதுப்பித்தார்கள். ஒலிவாங்கி நின்றுபோனது, திரையில் 'அனுமதி இல்லை' என்று வந்தது. மேலாளர் கூட்டிவந்த ஆள் காரணம் தேடவில்லை. எதையும் தொடவும் அழிக்கவும் உரிமையுள்ள 'ரூட்' பயனராகவே எல்லாவற்றையும் ஓட விட்டார். சத்தம் வந்தது, திக்கித் திக்கி. வட்டில் இடமில்லாததுதான் காரணம் என்று தாமே முடிவுகட்டி, ஏதோ கட்டளை அடித்தார். அந்தப் பெண்களின் குரல்கள் அத்தனையும் போயின.

"பழைய கததானே, திரும்பப் பேசச் சொன்னாப் போச்சு," என்றார் மேலாளர்.

"அதுல பேசின காமாட்சியம்மா செத்துட்டாங்க சார். எங்க போய்ப் பேசச் சொல்றது?" என்றார் நோய் தேறித் திரும்பி வந்திருந்த ஸ்டெல்லா. குரலை உயர்த்தவில்லை. பிறகு என்னிடம், "மைக்கத் தொடத்தான் அனுமதி கேட்டுச்சு. இவங்க வீட்டையே தொறந்து விட்டிருக்காங்க. அருவருப்பா இருக்குங்க," என்றார்.

நிகழ்ச்சியை ஓட்டும் பயனர் கணக்குக்கு ரூட் உரிமையை நிறுத்தி, ஒலிக் கருவிகளைத் தொட மட்டும் உரிமையுள்ள 'ஆடியோ' குழுவில் சேர்த்தார். கணினிக்கு வேறு வேலை இருந்தாலும் ஒலி காத்திருக்காதபடி, அந்தக் குழுவுக்கு நிகழ்நேர முன்னுரிமை கொடுத்தார். கணினியை அணைத்துப் போட்டால்தான் அது நடப்புக்கு வரும். நிகழ்ச்சிக்கு நேரமாகிறது என்று மேலாளர் வாசலில் நின்று விரட்டினார்.

"அவசரப்பட்டதெல்லாம் போதும் சார்," என்று ஸ்டெல்லா கணினியை அணைத்துப் போட்டார்.

அன்றைய நேரடி நிகழ்ச்சியில், மண்சரிவுக்குப் பயந்து பாடசாலையில் தங்கியிருந்த குடும்பங்கள் பேசின. ஒரு சொல்கூடத் திக்கவில்லை. அழிந்த குரல்களை மட்டும் அவரால் மீட்க முடியவில்லை.

அடக்கத்தன்று அதே மேலாளர், "மலையகப் பெண்களின் குரலைக் காத்தவர்" என்று நீளமாகப் பேசினார். கணினியில் கைவைத்த ஆள் மலர்வளையம் பிடித்திருந்தார். அழித்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கல்லறையின் ஈரமண்ணில் நின்று அந்தப் பேச்சையும் கேட்டேன்.

ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது பொறுமை அல்ல. எப்படியோ சத்தம் வந்தால் சரி என்று யாராவது சொல்லும்போது எனக்குக் குமட்டுகிறதே, அதுதான்.