பின்தட்டியை அவிழ்த்தால்தான் பாட்டு

கூலாய் ஸ்டேஷனில் ஆர்மோனியப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. ஜோகூர் பாருவிலிருந்து அதே ரயிலில் வந்த வெற்றிலைக் கடைக்காரர், "சௌந்தரவல்லி அக்கா போயிட்டாங்கய்யா, காய்ச்சல்ல" என்றார். பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் அக்காவைக் காய்ச்சலா கொண்டுபோவது? நெருப்பே அவரிடம் தோற்றுத் திரும்பியிருக்கிறதே!

அவர் பாட்டைக் கேட்டவர்கள் ஜோகூர் தோட்டங்களில் ஏராளம். பாடுவதற்கு முன் அவர் செய்ததைக் கவனித்தவர்கள் குறைவு. உங்களுக்குத் தெரியும், நம் தோட்டத் திருவிழாக்களில் பெண்கள் உட்காரும் பக்கத்தைச் சுற்றிலும் தட்டி கட்டி மறைத்துவிடுவார்கள். போக வர மேடையோரமாக ஒரே வழி. இளவட்டங்கள் எட்டிப் பார்க்கக் கூடாதாம். அக்கா வந்ததும் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றுவார். பின்தட்டியை அவிழ்த்தால்தான் மேடை ஏறுவார். இந்தப் பிடிவாதத்தால் எத்தனை ஊரில் எங்கள் சோறு ஆறிப்போயிருக்கிறது, போங்கள்!

இதே கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கங்காணி முறுக்கிக்கொண்டார். பெண்கள் பக்கம் திறந்து கிடந்தால் தோட்டத்து மானம் என்னாவது என்று குதித்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"தீப்புடிச்சா அவங்க எந்தப் பக்கம் ஓடுவாங்கன்னு காட்டுங்க கங்காணி. நான் உக்காந்து பாடுறேன்."

கங்காணி சுற்றுமுற்றும் பார்த்தார். காட்ட வழியில்லை. கடைசியில் தட்டியை அவிழ்த்து, அந்த இடத்தில் தம் மனைவியையே காவலுக்கு உட்கார வைத்தார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது பாட்டில் இருந்தோம். மேடையோரத்து கேஸ் விளக்கு குப்பென்று சீறி, அத்தாப்பு ஓலைக் கூரை பற்றிக்கொண்டது. பெண்களின் வழக்கமான வழிக்கு நேர் மேலே நெருப்பு. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அக்கா கையமர்த்தினார்.

"வைங்க தம்பி. வாசிங்க. நாம ஓடினா சனம் ஒன்னையொன்னு மிதிச்சுக்கும்."

வாசித்தேன். அக்கா பாட்டை நிறுத்தாமல், அதே மெட்டில், பிள்ளையைத் தூக்கிக்கோ, பின்பக்கமாய்ப் போ என்று பாடினார். கங்காணி மனைவி ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து வெளியே விட்டார். கடைசிப் பெண்ணும் போன பிறகுதான் அக்கா எங்கள் பக்கம் திரும்பி, "இப்ப எந்திரிங்க" என்றார். கூரை பாதி போயிற்று. ஓர் உயிருக்கும் சேதமில்லை. கங்காணி கும்பிட்டு நின்றார். அக்கா அவரிடம் தொண்டைக்குக் கொஞ்சம் வெந்நீர் கேட்டார்.

எத்தனையோ பேருக்கு வாசித்திருக்கிறேன். கூட்டத்தை உட்கார வைக்க எல்லோருக்கும் தெரியும். பத்திரமாக எழுப்பி வீட்டுக்கு அனுப்பத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். அவருக்கு வாசித்தவன் நான் என்று எங்கே வேண்டுமானாலும் மார்தட்டிச் சொல்வேன்.

கொட்டகையைச் சுற்றும் அந்த நடையை அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் சாஆ பக்கம் ஒரு தோட்டத்தில் கச்சேரி. பாடுகிறவர் வேறு. நான் ஒரு சுற்று வந்து, பின்தட்டியை அவிழ்க்கச் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார்கள். அக்கா பேரைச் சொன்னேன்.

மறுபேச்சில்லாமல் அவிழ்த்தார்கள்.