டைப்பிஸ்ட் அக்காவின் டக் டக்

பாத்திரம் தேய்க்கும் புதுப் பஞ்சில் விரலகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பேஸ் கித்தாரின் நான்கு கம்பிகளுக்கும் அடியில், வலக்கை ஓரமாகச் செருகுகிறாள் டைப்பிஸ்ட் அக்கா. ஒருமுறை தட்டிப் பார்க்கிறாள். திருப்தியில்லை. பஞ்சை உருவி, நூலளவு நறுக்கிவிட்டு மறுபடி செருகுகிறாள். கம்பிகள் நேற்று மாட்டிய எஃகுக் கம்பிகள். பழையது என்றால் சளி பிடித்த தொண்டைபோல் முனகும். கித்தாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கம்பிகளை இறக்கி வைத்திருக்கிறாள். கம்பியை மீட்டும் கெட்டியான பிக் வில்லையால் ஓங்கி அடித்தால் கம்பி கட்டையில் மோதி ‘டக்’ என்கிறது. மற்றவர்கள் காசு கொடுத்துப் போக்கிக்கொள்ளும் சத்தத்தை இவள் மெனக்கெட்டு வரவழைக்கிறாள்.

பட்டப்பெயர் இந்தச் சத்தத்தால் வந்தது என்று அவள் வாசிக்கும் பாட்டுக் குழுவில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. இருபத்துநாலு வருஷமாக ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அவள் நிஜமாகவே டைப்பிஸ்ட். இரும்பு மெஷினில் பழகிய விரல்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவற்றுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு கீபோர்டு உயிரை விடும். “மெதுவா அடிங்க மேடம், பாவம் அது” என்பார் பக்கத்து மேஜைக்காரர். “அழுத்தி அடிச்சாத்தான் எழுத்து விழும்” என்பாள் அக்கா. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பதை அவள் அளவுக்கு நம்பியவர்கள் கிடையாது.

அவளுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு பாட்டையும் அலுவலகத் தாளின் பின்பக்கம் டைப் அடித்து வைத்திருக்கிறாள். அடிக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி, மற்ற இடம் காலி. “எங்க அடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சாப் போதும், மத்தது தானா வரும்” என்பது அவள் சாஸ்திரம்.

குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர் அவள் கணவர். பதறாத காரியம் சிதறாது என்கிற கட்சி. அக்காவோ பல்லவி திரும்பும் இடம் வந்தால் தாளத்தை முந்திக்கொண்டு, மாடு கட்டறுத்த மாதிரி ஓடிவிடுவாள். அப்போது அவர் இடக்கை அடி ஒன்றை விட்டாலும் பரவாயில்லை என்று அந்தக் கையைத் தூக்கி, காற்றை இரண்டு தரம் கீழே அமுக்குவார். “ஓடாத, நட” என்று அர்த்தம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சண்டை நடக்கும். “நான் எங்க ஓடினேன்? நீங்கதான் நொண்டுறீங்க” என்பாள்.

அந்தச் சொல்லை இப்போது அவள் வாய் தவறியும் சொல்வதில்லை. பதினொரு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் அவருடைய வலக்கையையும் வலக்காலையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. எல்லாம் புரிகிறது என்றுதான் மருத்துவர் சொல்கிறார். ஆனால் வீட்டில் பாட்டு வைத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். நோய் வந்ததைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அந்தச் சுவரைத்தான் தாங்க முடியவில்லை.

பாடுகிறவள் அவருடைய தங்கை. போன மாதம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணி, அண்ணன் இடத்துல வேற ஆளை உக்கார வைக்க எனக்கு மட்டும் ஆசையா? தாளம் இல்லாம நான் எதைப் பிடிச்சுக்கிட்டுப் பாடறது?”

அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். “ஒரே ஒரு பாட்டு. அவர் வேலையையும் சேத்து நானே பாத்துக்கறேன். பாட்டு நிக்கலைன்னா அடுத்த வாரமே வேற ஆளைக் கூட்டிட்டு வா, நான் வாயே திறக்கமாட்டேன்.”

அந்த ஒரு பாட்டுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்தப் பஞ்சு வெட்டும் வேலை. யாரும் கேட்காமலே கணவரையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்துவிட்டாள். அவர் மூலையில், துணி ஒட்டிய சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாத்தனார் தனி அறைக்குள் நின்றாள். கித்தாரிலிருந்து ஒரு வயர் நேரே மெஷினுக்குப் போனது; ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக். போதாதென்று அக்கா இன்னொரு மைக்கை இழுத்து, கம்பியும் கட்டையும் மோதும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

முதல் தரம் வாசித்து முடித்துக் கேட்டபோது பாட்டு தொளதொளவென்று கிடந்தது. “டக் டக்னு ஏதோ தட்டுற சத்தம் வந்துச்சுக்கா. எடுத்துட்டேன், இப்ப சுத்தமா இருக்கு” என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர், நல்லது செய்த முகத்தோடு.

“தம்பி, அதுதான் பாட்டு. மீதியெல்லாம் உறுமல்” என்றாள் அக்கா. ஒலிப்பதிவாளர் நாக்கைக் கடித்துக்கொண்டு எடுத்ததைத் திருப்பி வைத்தார்.

இரண்டாவது தரம் டக் டக் என்று ஆணி அடித்த மாதிரி நின்றது. நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பல்லவி திரும்பியது. பயமோ ஆசையோ, அக்கா ஓட ஆரம்பித்தாள். தான் ஓடுவது அவளுக்கே தெரிந்தது, கைதான் கேட்கவில்லை. தடுக்க ஆளில்லாத பதினொரு மாதமும் அந்த ஓட்டத்தில் இருந்தது.

மூலையில் ஏதோ அசைந்தது. சுவரைப் பார்த்தபடியே அவர் இடக்கை மடியிலிருந்து எழும்பி, காற்றை இரண்டு தரம் கீழே அமுக்கியது.

அக்கா நடந்தாள். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்தும் துடைக்கக் கை ஒழியவில்லை. பாட்டு முடிந்தது.

“நல்லா வந்துச்சுக்கா. நடுவுலதான் திடீர்னு வேகம் இறங்கிடுச்சு. இன்னொரு தரம் போலாமா?” என்றார் ஒலிப்பதிவாளர்.

“போலாம்.”

அவள் எழுந்து, கண்ணாடியைப் பார்த்துப் போட்டிருந்த தன் நாற்காலியைத் தூக்கினாள். மூலைக்குக் கொண்டுபோய், அவருக்கும் சுவருக்கும் நடுவில் முட்டி முட்டும்படி போட்டு உட்கார்ந்தாள். பிக்கைக் கம்பிமேல் வைத்துக்கொண்டு, அந்த இடக்கை எழும்புவதற்காகக் காத்திருந்தாள்.