கசோவரிக்கு ஒரு மறைவிடம்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் ‘கத்திரி’ என்று பெயர். அடுக்கிய துணியைப் பிசகாமல் வெட்டுவாள் என்பதற்காக மட்டுமல்ல. அவள் வாயைத் திறந்தால் எதிராளி துண்டு துண்டாகிவிடுவார். மேலாளரே அவளிடம் அளந்துதான் பேசுவார். கல்யாணம் அமையவில்லை, அதில் அவளுக்குக் குறையும் இல்லை. வேலை முடிந்து வந்தால் கூடத்து மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் மிருகக்காட்சிசாலை விளையாட்டு. காலி நிலத்தில் வேலி போட்டு, குளம் வெட்டி, மிருகங்களைக் கொண்டுவந்து பராமரிக்க வேண்டும். யானைகூட அவள் சொன்னபடி கேட்டது.

அப்படிப்பட்டவளையும் வாயடைக்க வைத்தது அண்ணனின் சாவு. திடீர் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளைகுட்டி இல்லாத அண்ணியைத் தனியே விட மனம் வராமல் தன் வீட்டுக்கே கூட்டிவந்தாள். காற்றோட்டமாக இருக்கட்டுமே என்று கூடத்து ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டுக்கொடுத்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். அண்ணி தலையை மட்டும் ஆட்டுவார். “சரி”, “வேண்டாம்” தவிர வேறு பேச்சில்லை, கண்ணில் ஒரு சொட்டு நீரும் இல்லை. பேச்சுத் துணைக்கு ஆகட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரியைத் தினமும் வரச்சொன்னாள் கத்திரி. அந்த அம்மாள் பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டில் கசோவரி என்ற பறவை வந்து சேர்ந்தது. ஆள் உயரம், கறுத்த உடம்பு, நீலக் கழுத்து, தலையில் கொம்பு மாதிரி ஒரு கொண்டை. பறக்கத் தெரியாத பறவைக்கு இடுப்பளவு வேலி போதாதா என்று கத்திரி அசட்டையாக இருந்துவிட்டாள். அது ஓடிவந்து ஒரே எம்பில் வேலியைத் தாண்டியது. பார்வையாளர்கள் குடையையும் தொப்பியையும் போட்டது போட்டபடி விழுந்தடித்து ஓடினார்கள்.

அதைப் பிடித்து அடைக்க, அடுத்ததாக நுழைவாசலுக்குப் பக்கத்திலேயே அரண்மனை மாதிரி ஒன்று கட்டினாள். நாலு பக்கமும் உயரமான கண்ணாடி, நடுவில் குளம், தட்டு நிறையப் பழம். கூட்டம் அலைமோதியது. பறவையோ பழத்தைத் தொடாமல் கண்ணாடி ஓரமாகவே நடந்துகொண்டிருந்தது. திரையில் அதன் மனநிலையைக் காட்டும் சிறிய முகப் படம் சிவந்துபோய் அழுது வடிந்தது. விளையாட்டின் வைத்தியரை அனுப்பிப் பார்த்தாள்; நோய் ஒன்றும் இல்லை என்றார்.

“ராஜா மாதிரி வச்சிருக்கேன், உனக்கு என்னதான் குறை?” என்று ஒரு விடுமுறைப் பகலில் திரையைப் பார்த்துக் கத்தினாள்.

“போய் ஒளிஞ்சுக்க அதுக்கு ஒரு இடம் இல்லையே” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

கத்திரி திடுக்கிட்டுத் திரும்பினாள். அண்ணி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது பாத்துக்கிட்டே இருந்தா எப்படித் திங்கும்? உங்கண்ணனும் இதே ரகம்தான். விருந்தாளி வந்தா பாத்ரூம்ல போய் உக்காந்துக்குவார்.”

“சின்ன வயசுலேயே அப்படித்தான் அண்ணி. வாத்தியார் வீட்டுக்கு வந்தாருன்னு பீரோவுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டார். வாத்தியார் உக்காந்து மணிக்கணக்கா பேசினார். கடைசியில உள்ளேருந்து தும்மல் சத்தம்!”

அண்ணி சிரித்தார். சிரித்த வாய் அப்படியே கோணி அழுகையாக மாறியது. கத்திரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அழுதாள்.

முகம் கழுவி வந்ததும் அண்ணியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வாசப்பக்கம் வேண்டாம். கடைசிக்குக் கொண்டுபோ. புதரை இன்னும் அடர்த்தியாப் போடு.”

“அங்கே வச்சா யாரு அண்ணி வந்து பாப்பாங்க?”

“பாக்கணும்னு ஆசை இருக்கிறவங்க நடந்து வரட்டும்.”

மூன்று பக்கம் சுவர் எழுப்பி, ஒரு பக்கம் மட்டும் சின்னக் கண்ணாடி வைத்தார்கள். கசோவரி விறுவிறுவென்று புதருக்குள் போய் மறைந்தது. இவர்கள் டீ குடித்து முடிக்கும்போது மெதுவாக வெளியே வந்து ஒரு பழத்தைக் கொத்தியது.

சாயங்காலம் வழக்கம்போலப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்தாள். அண்ணி முகம் சட்டென்று இறுகியதைக் கத்திரி அன்றைக்குத்தான் கவனித்தாள். ‘அடி மடச்சி!’ என்று தன்னையே திட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். “இனிமே வேண்டாம்க்கா. பேசணும்னு தோணினா அண்ணியே கூப்பிடுவாங்க.”

மறுநாளே பின்கட்டில் தான் படுக்கும் அறையைக் காலி செய்து, தையல் மெஷினைக் கூடத்துக்கு நகர்த்தினாள். ஆள் கூப்பிட்டு அந்த அறைக்கு உள்தாழ்ப்பாளும் போடச் செய்தாள்.

“உன் ரூமாச்சே அது?” என்றார் அண்ணி.

“நான் வாயாடி. எனக்கு நடுத்தெருவுல கட்டில் போட்டாலும் தூக்கம் வரும். நீங்க தாழ் போட்டுக்கோங்க.”

முதல் சில நாள் அந்தக் கதவு சாத்தியே கிடந்தது. கத்திரி தட்டப் போவாள், பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிவிடுவாள். ஒரு காலையில் தாழ் திறக்கும் சத்தம் கேட்டது. தலைவாரி, புடவை மாற்றி அண்ணி வெளியே வந்து, “டீ போடட்டுமா?” என்றார்.

அண்ணி அந்த வீட்டோடு தங்கிவிட்டார். அதே தொழிற்சாலையில் சட்டை மடிக்கும் வேலையும் கிடைத்தது. பேச்சு இன்னமும் அளவோடுதான். கம்ப்யூட்டருக்கு முன்னால் மட்டும் அளவு கிடையாது. “எழுந்திருடி, ஒட்டகச்சிவிங்கி பட்டினி கிடக்குது” என்று நாற்காலியைப் பிடித்து உலுக்குவார். கத்திரியும் லேசில் எழுந்திருக்க மாட்டாள்.